சரயேவோ சுரங்கத்துக்கு நாலரை, வேனுக்கு இரண்டு: ஒரு கிடங்குக்காரனின் மதிப்பெண்

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் எந்த ஓட்டலில் இறங்கினாலும், சாவியோடு சேர்த்து ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கையில் கொடுக்கிறார்கள். 'முற்றுகைச் சுற்றுலா.' அரை நாளில் போர்க்கால நகரத்தைச் சுற்றிக் காட்டி, விமான நிலையத்துக்கு அடியில் தோண்டிய சுரங்கத்துக்குள் நடக்கவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். வியன்னாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்த சாக்கில் நானும் மனைவியும் மகனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சுரங்க அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அழைத்துப்போன வேனுக்கு இரண்டு. அதிலும் ஒன்று வழிகாட்டிக்காகப் போட்டது. பிரசுரத்தில் பெயரே இல்லாத இன்னோர் இடத்துக்கு மறுநாள் நாங்களாகவே போனோம். அதற்கு முழு மதிப்பெண். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மன்னார்குடிப் பக்கம் அரசு நெல், அரிசிக் கிடங்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூட்டை, எடை, வரவு, நகர்வு, இருப்பு என்றே காலம் போனது. ஆகவே போர் பற்றிய அருங்காட்சியகத்தில் மற்றவர்கள் துப்பாக்கியைப் பார்க்கும்போது என் கண் மாவு மூட்டைக்குத்தான் போகும். இந்த மதிப்புரையும் அப்படித்தான் இருக்கும்.

வேன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே வழியில் பலர் ஓட்டுகிறார்கள், எல்லோரும் ஒரே மாதிரியாகவா இருப்பார்கள்? எங்களுக்கு வாய்த்தவர்கள் சிறிய குழு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, வேன் நிறைய ஆளை அடைத்தார்கள். மனைவிக்கு முழங்கால் வலி என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தும் கடைசி வரிசையில் இடம். சுரங்கத்தில் நிதானமாகப் பார்க்க விடாமல் அவசரப்படுத்தியவர்கள், திரும்பும் வழியில் நினைவுப் பொருள் கடை வாசலில் ஆற அமர நிறுத்தினார்கள். அங்கே பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டில் பூவேலை செய்து விற்கிறார்கள், துப்பாக்கித் தோட்டாவில் பேனா செய்து விற்கிறார்கள். மனைவி ஒன்றைக் கையில் எடுத்து, விலையைக்கூடக் கேட்காமல் வைத்துவிட்டாள்.

வழிகாட்டி மட்டும் நல்ல மனிதர். முற்றுகை தொடங்கியபோது அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. வளர்ந்தது டோப்ரினியா குடியிருப்பில், அதாவது சுரங்கத்தின் நகரப்பக்க வாய்க்கு அருகே. மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். சுற்றுலாத் தொழிலில் அது அபூர்வம்.

போரின் பின்னணி தெரியாதவர்களுக்கு நாலு வரி. யூகோஸ்லாவியா உடைந்தபோது 1992 வசந்தத்தில் போஸ்னியா தனி நாடானது. அதை ஏற்காத போஸ்னிய செர்பியப் படைகள், யூகோஸ்லாவிய ராணுவத்தின் ஆயுதங்களோடு சரயேவோவைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டன. நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பது போன்ற அமைப்பு. மேலிருந்து பார்த்தால் யார் வீட்டில் துணி உலர்கிறது என்பதுவரை தெரியும். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி 29 வரை, 1,425 நாள் முற்றுகை. 2012-இல் இருபதாம் ஆண்டு நினைவாக முக்கியத் தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள், இறந்த ஒருவருக்கு ஒன்று வீதம். அதில் 643 நாற்காலிகள் குழந்தைகளுக்கான சின்ன நாற்காலிகள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் செர்பியர்களும் இருந்தார்கள். நகரத்தைக் காத்த படையின் தளபதிகளில் ஒருவரான யோவான் டிவ்யாக்கே செர்பியர்தான். வழிகாட்டி இதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

வேன் விமான நிலையச் சாலையில் போகும்போது அவர் கையைக் காட்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1993 ஜனவரி 8 அன்று போஸ்னியத் துணைப் பிரதமர் ஹாகியா துராய்லிச்சை ஐ.நா.வின் கவச வண்டியில் வைத்து அழைத்துவந்தார்கள். வழியில் செர்பியப் படையினர் மறித்தார்கள். பாதுகாப்புக்கு வந்த ஐ.நா. வீரர்கள் வண்டியின் கதவைத் திறந்தார்கள். திறந்த கதவு வழியாகவே செர்பியப் படைவீரன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். வேனில் யாரும் பேசவில்லை. ஓட்டுநர் மட்டும் வானொலியைச் சற்றுக் கூட்டி வைத்தார். அதற்காகத்தான் அரை மதிப்பெண் குறைத்தேன்.

இனி சுரங்கம். புட்மிர் என்ற ஊரில், ஓடுதளத்தை ஒட்டி, கோலார் குடும்பத்தாரின் இரண்டு மாடி வீடு. பெயரைக் கேட்டதும் தமிழனுக்குத் தங்கவயல் நினைவுக்கு வராமல் போகுமா? அங்கே போலவே இங்கேயும் தோண்டல் வேலைதான். வீட்டின் முகப்பு முழுக்கக் குண்டு துளைத்த குழிகள். பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த வீட்டுக்குக் கீழிருந்து ஓடுதளத்துக்கு அடியில் சென்று டோப்ரினியாவில் ஏறுகிறது சுரங்கம். நீளம் சுமார் 800 மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். 1993-இன் தொடக்க மாதங்களில் இரண்டு முனையிலிருந்தும் தோண்டத் தொடங்கி, கோடையில் நடுவில் சந்தித்தார்கள். இயந்திரம் இல்லை, மண்வெட்டியும் கடப்பாரையும்தான். கூலியாகச் சிகரெட் கொடுத்தார்கள். முற்றுகையிலும் நகரத்தின் சிகரெட் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அட்டைப்பெட்டிக்குக் காகிதம் தீர்ந்தபோது பழைய புத்தகத் தாள்களில் சுற்றிக் கொடுத்தார்களாம்.

இன்று நடக்கக் கிடைப்பது இருபத்தைந்து மீட்டர் போல. போதும் என்று தோன்றும். நான் ஐந்தரை அடி ஆள். எனக்கே குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் மரச்சட்டம், இடையிடையே இரும்பு, தரையில் சின்னத் தண்டவாளம். அதன்மேல் தள்ளுவண்டி போகும். ஒரு வண்டிக்கு 400 கிலோ. அதாவது ஐம்பது கிலோ மூட்டை எட்டு. எட்டு மூட்டையை இந்த உயரத்தில், முதுகை நிமிர்த்தாமல், முழங்கால் அளவு நிலத்தடி நீரில், சில நாள் இடுப்பளவிலும், 800 மீட்டர் தள்ளுவது என்றால் என்ன என்று கிடங்கில் மூட்டை சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கிடங்கில் மழைக்காலத்தில் நனைந்த சாக்கு மூட்டை ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கூடுதலாகக் கனக்கும். தொழிலாளர்கள் அன்றைக்கு முனகிக்கொண்டே இருப்பார்கள். இங்கே தண்ணீருக்குள்ளேயே பாதை. பின்னர் எண்ணெய்க் குழாய், மின் கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் இதே ஒரு மீட்டர் அகலத்துக்குள் செலுத்தினார்கள். மின் கம்பிக்குப் பக்கத்தில் தண்ணீரில் நடந்த ஆட்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அருங்காட்சியகம் இதை அடக்கமாகச் சொல்கிறது. பொம்மை வைத்து நாடகம் காட்டி அழவைப்பதில்லை. ஒரு குறும்படம், வரைபடம், வண்டி, சாக்குகள், உடைகள். உள்ளே வந்தது உணவு மட்டுமல்ல, ஆயுதமும்தான் என்பதையும் மறைப்பதில்லை. 1991 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை போட்டது. தடை எல்லோருக்கும் சமம். ஆனால் ஒரு தரப்பிடம் ஏற்கெனவே ஒரு ராணுவத்தின் ஆயுதக் கிடங்கு இருந்தது, மற்றவரிடம் இல்லை. இருப்பைப் பார்க்காமல் ஒதுக்கீடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சுரங்கம் வழியாக 2 கோடி டன் உணவு நகருக்குள் வந்தது என்று இணையத்திலும் சில பயணக் கையேடுகளிலும் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். வேனில் ஓர் இளைஞர் கைபேசியைப் பார்த்து அதை உரக்கப் படித்தார். நான் துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வண்டிக்கு 400 கிலோ என்றால் 5 கோடி நடை. சுரங்கம் வேலை செய்த காலத்தைத் தாராளமாக 900 நாள் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 55 ஆயிரம் நடை; நிமிடத்துக்கு 38. ஒற்றைப் பாதை, உள்ளே போகிறவர் ஒரு முறை, வெளியே வருகிறவர் ஒரு முறை. யாரோ எங்கோ ஒரு பூஜ்யத்தையோ இரண்டையோ நான்கையோ கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், பிறகு எல்லோரும் பிரதி எடுக்கிறார்கள். வழிகாட்டியிடம் தாளை நீட்டினேன். சிரித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உண்மையில் செய்ததே பெரிய காரியம். அதற்குப் பொய்க் கணக்கு எதற்கு?

சுற்றுலாவில் எனக்குக் குறையாகப் பட்டது இங்கேதான். எல்லோரும் சுரங்கத்துக்குள் குனிந்து நடந்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தலைக்கு மேல் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. மேலே இருந்தது ஐ.நா. வசமிருந்த ஓடுதளம். 1992 ஜூன் மாதத்து ஒப்பந்தப்படி செர்பியப் படை விமான நிலையத்தை ஐ.நா.விடம் ஒப்படைத்தது. உதவிப் பொருள் இறங்கலாம். ஆனால் ஓடுதளத்தைத் தாண்டி ஆட்கள் போகவோ வரவோ கூடாது. ஆகவே இரவில் நகரிலிருந்து ஓடிவந்தவர்களை ஐ.நா. வீரர்கள் தேடுவிளக்குப் போட்டுப் பிடித்து, வந்த பக்கமே திருப்பி அனுப்பினார்கள். அந்த வெளிச்சத்தில் மலையிலிருந்து சுடுகிறவனுக்கும் குறி தெரிந்தது. பலர் அந்தத் தார்ப்பரப்பில் செத்தார்கள். சுரங்கம் தோண்டியதே இதனால்தான். உதவி இறங்கும் தளத்தின் அடியில், அந்த உதவியை இறக்குகிறவர்களுக்குத் தெரியாத மாதிரி, ஊர்க்காரர்கள் தங்களுக்கு ஒரு வழி தோண்டிக்கொண்டார்கள். பிரசுரத்தில் அச்சடிக்க வேண்டிய செய்தி இதுதான். அச்சடித்திருப்பது ஒரு பனிச்சறுக்குத் தடத்தின் வண்ணப்படம்.

இன்னொன்றும் கேட்டேன். அந்த ஐ.நா. படையின் முதல் தளபதி யார் தெரியுமா என்று. வழிகாட்டிக்குத் தெரியவில்லை. இந்திய ராணுவத்தின் லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். 1992 மார்ச் முதல் ஓராண்டு. குரோஷியாவில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க அமைத்த படை அது. தலைமையகத்தைச் சரயேவோவில் வைத்தார்கள், ஊர் அமைதியாக இருக்கிறது என்று. சில வாரத்தில் தலைமையகத்தைச் சுற்றியே குண்டு விழுந்தது. காவல் பார்க்க வந்தவர்களிடம் முற்றுகையை உடைக்கும் உத்தரவும் இல்லை, அதற்கான ஆயுதமும் இல்லை.

விமானக் கணக்குக்கு வருகிறேன். 1992 ஜூலை 3 முதல் 1996 ஜனவரி 9 வரை சரயேவோவுக்கு நிவாரண விமானங்கள் பறந்தன. சுமார் 13 ஆயிரம் நடை, 1 லட்சத்து 60 ஆயிரம் டன் சரக்கு. வரலாற்றிலேயே நீண்ட நாள் நடந்த நிவாரண விமானப் போக்குவரத்து, 1948-இல் சோவியத் முற்றுகையிட்ட மேற்கு பெர்லினுக்குப் பறந்ததையும் மிஞ்சியது என்று பெருமையாகச் சொல்வார்கள். விமானிகளின் துணிச்சலில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1992 செப்டம்பர் 3 அன்று இத்தாலிய விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தி நாலு பேர் இறந்தார்கள், அதன் பிறகும் வந்தார்கள். ஆனால் எடை பார்த்தவனுக்கு வேறு மாதிரிதான் தெரியும். ஒரு நடைக்குப் பன்னிரண்டு டன். நம் ஊரில் ஒரு லாரி லோடு. நாளுக்குச் சராசரியாகப் பத்து லாரி, 125 டன். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை முற்றுகை போட்டவர்களின் பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது உடன்பாடு. மீதியை உள்ளே இருந்த நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேருக்குப் பங்கிட்டால் தலைக்குக் கால் கிலோ. மருந்து, போர்வை, உடைந்த சன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் அந்தக் கால் கிலோவுக்குள். சாலை வழியாகவும் லாரிகள் வந்தன, உண்மைதான். அவையும் செர்பியச் சாவடிகளின் தயவில்.

நம் ஊரில் அந்த்யோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி. நாலு பேர் குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 290 கிராம் வருகிறது. அதற்கு மேல் கடைவீதி இருக்கிறது, கூலி வேலை இருக்கிறது, கொல்லையில் முருங்கை இருக்கிறது. சரயேவோவில் அந்தக் கால் கிலோவுக்கு மேல் இருந்தது கறுப்புச் சந்தைதான்.

பெர்லினில் 1948 ஜூன் முதல் 1949 செப்டம்பர் வரை பதினைந்து மாதத்தில் 23 லட்சம் டன் இறக்கினார்கள், பாதிக்கு மேல் நிலக்கரி. அங்கே மக்கள் தொகை இருபது லட்சத்துக்கு மேல். தலைக்கு நாளுக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாது. பெர்லின் பதினைந்து மாதத்தில் முடிந்தது, சரயேவோ மூன்றரை வருடம் இழுத்தது. இது எப்படிப் பெருமை ஆகும்? நாள் நீண்டது யாரும் முற்றுகையை உடைக்காததால்.

இந்த இடத்தில் வழிகாட்டி தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். உதவிப் பொட்டலத்தில் அரிசி நிறைய வந்ததாம். அரிசி ரொட்டி, அரிசி அடை, பால்பவுடரில் வினிகர் விட்டுத் திரித்த போலிப் பாலாடைக்கட்டிக்குள் அரிசி. போர் முடிந்ததிலிருந்து அந்த அம்மா வீட்டுக்குள் அரிசியை விடுவதில்லையாம். இதைத் தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

அரிசியைவிட அதிகம் பேசப்படுவது டப்பா இறைச்சி. 'ஐகார்' என்று பெயர் அச்சிட்ட மாட்டிறைச்சி டப்பா. பூனையும் நாயும்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. 2007-இல் அந்த டப்பாவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பின்புறம், பளிங்கு மேடைமேல், இடுப்புயரத்துக்கு மேற்பட்ட பெரிய தகர டப்பா. 'சர்வதேச சமூகத்துக்கு, நன்றியுள்ள சரயேவோ குடிமக்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. நெபோய்ஷா ஷெரிச் என்ற கலைஞர் செய்தது. நான் சைவம், டப்பாவுக்குள் இருந்ததைப் பற்றிக் கருத்துச் சொல்ல அருகதையில்லை. ஆனால் கெட்ட சரக்கு அனுப்பியவனுக்கு இவ்வளவு நயமாகப் புகார் எழுதிய பயனாளிகளை நான் பார்த்ததில்லை. என் வேலைக்காலத்தில் புழுத்த அரிசி வந்தால் மேசைமேல் கொட்டுவார்கள்.

அந்த டப்பாவைப் பார்க்கப் போன சாக்கில் நுழைந்த வரலாற்று அருங்காட்சியகம்தான் முதலில் சொன்ன முழு மதிப்பெண் இடம். வேன்காரர்கள் இங்கே நிறுத்துவதில்லை. கட்டடம் பழுதாகிக் கிடக்கிறது. அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். 'முற்றுகையில் சரயேவோ' என்ற நிரந்தரக் காட்சி உள்ளே. சன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் உதவி டப்பாக்கள், மாவுப் பைகள், எண்ணெய் டின்கள். பக்கத்திலேயே அந்த டின்களை வெட்டி வளைத்துச் செய்த அடுப்புகள். ஓர் அடுப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் டின்னின் அடிப்பாகம். பக்கவாட்டில் கத்தரியால் வெட்டிய கதவு, அதற்குக் கம்பியை முறுக்கிக் கீல். மேலே புகைபோக்க இன்னொரு டின்னைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். கையைக் கிழிக்காமலிருக்க வெட்டிய விளிம்பையெல்லாம் உள்பக்கமாக மடித்துத் தட்டியிருந்தார் செய்தவர். விறகு தீர்ந்த ஊரில் செருப்பையும் புத்தகத்தையும் எரித்துச் சமைத்த அடுப்பு. எரிக்க இவ்வளவு குறைவாக இருந்ததால் அடுப்பின் வயிற்றை அத்தனை சின்னதாக வைத்திருக்கிறார்கள். வந்த சரக்கைப் பற்றிய கணக்கு அனுப்பியவர்களிடம் இருக்கும். அதை எப்படிச் சமைத்தார்கள் என்ற கணக்கு இங்கே மட்டும்தான்.

இலங்கைப் போரை நினைக்காமல் ஒரு தமிழனால் இதையெல்லாம் பார்க்க முடியாது. 1987 ஜூன் தொடக்கத்தில் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் படகுகள் போனதும், இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியதும், மறுநாள் ஜூன் 4 அன்று இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்தின் மேல் 25 டன் அளவுக்கு உணவை வீசியதும் என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. 'பூமாலை' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு ஒரே ஆரவாரம். 25 டன் என்றால் இரண்டு லாரி, கொஞ்சம் மிச்சம். ஒரு தாலுகாவுக்கு ஒரு வேளைக்குக் காணாது என்று அப்போதே ஒரு மூத்த எழுத்தர் முணுமுணுத்தார். அது பசி தீர்க்கப் போட்டதல்ல, கொழும்புக்குக் காட்டப் போட்டது. இரண்டு மாதம் முடிவதற்குள் ஒப்பந்தமும் வந்தது, அமைதிப்படையும் இறங்கியது, அதன் பிறகு நடந்ததை யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்ல வேண்டும். அங்கே மூட்டைக்குப் பின்னால் படை வந்தது. இங்கே படை வராமலிருக்க மூட்டை வந்தது. இரண்டில் எது மேல் என்று வேனில் ஓர் ஆஸ்திரேலியர் என்னிடம் கேட்டார். யாழ்ப்பாணத்துக்கு ஒரு பதில், சரயேவோவுக்கு ஒரு பதில் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் சரயேவோவில் கடைசியில் வேலை செய்தது குண்டுவீச்சுதான். அதைச் சொல்லாமல் மழுப்பக் கூடாது. மார்க்கலே காய்கறிச் சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள், நேட்டோ எச்சரிக்கை மட்டும் விடுத்தது. 1995 மே மாதம் செர்பியப் படையினர் ஐ.நா. வீரர்களில் ஏறக்குறைய நானூறு பேரைப் பிணைக்கைதியாகப் பிடித்தார்கள், சிலரைக் கம்பத்தில் கட்டிப்போட்டார்கள்; வெளிநாடுகள் பேச்சுவார்த்தை நடத்தின. ஜூலையில் ஐ.நா. தானே 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்த ஸ்ரெப்ரெனிட்சா விழுந்தது; காவலுக்கு வந்த ஐ.நா.வின் டச்சு வீரர்கள் நிற்க, செர்பியப் படையினர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் பிரித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஆகஸ்ட் 28 அன்று அதே மார்க்கலேயில் மீண்டும் குண்டு, 43 பேர். அதற்கு இரண்டு நாள் கழித்து நேட்டோ விமானங்கள் கிளம்பின. மூன்று வாரத்தில் மலைமேலிருந்த கனரக பீரங்கிகள் பின்வாங்கின. நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் போரை முடிக்கும் உடன்பாடு. குரோஷிய, போஸ்னியப் படைகள் அந்தக் கோடையில் தரையில் முன்னேறியதும் இதற்குக் காரணம், விமானம் மட்டுமல்ல. ஆனாலும் மூன்று வாரத்தில் முடிந்த வேலைக்கு மூன்று வருடத்துக்கு மேல் மாவு மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை எந்த விதத்தில் கூட்டிப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு நேராகவில்லை. சுற்றுலாவில் இந்த முழுப் பகுதிக்கும் சந்தை வாசலில் வேனை நிறுத்தாமலேயே ஒதுக்கிய நேரம் ஒரு சிக்னல்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வேன் தேவையில்லை. பழைய பஜாரிலிருந்து 3-ஆம் எண் டிராம் இலிஜா வரை போகிறது, அங்கிருந்து டாக்சி பக்கம். வழிகாட்டி வேண்டுமென்றால் நிறுவனம் வழியாக அல்லாமல் தனி ஆளாக அமர்த்திக்கொள்ளுங்கள், அதுவும் முற்றுகைக்குள் இருந்த வயதுக்காரராகப் பார்த்து. செலாவணி போஸ்னிய மார்க். ஒரு யூரோவுக்கு இரண்டு மார்க்குக்குச் சற்றுக் குறைவு. சில்லறை கையில் வைத்திருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் படியில் மெதுவாக. உள்ளே போன பிறகு திரும்புவதற்கு இடமில்லை, எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். சின்னக் குழந்தைகளை சுரங்கத்துக்குத் தாராளமாக அழைத்துப் போகலாம். தேவாலயத்துக்கு அருகே, ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையைப் பற்றிய ஜூலை 11 காட்சிக்கூடத்துக்கு மட்டும் அழைத்துப் போக வேண்டாம்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஊர் முழுக்க வாட்டிய இறைச்சி மணந்தாலும், கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டிய 'ஜெல்யானிட்சா', உருளைக்கிழங்கு வைத்த 'க்ரோம்பிருஷா' என்று மெல்லிய மாவில் சுட்ட பண்டங்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். தயிரோடு சாப்பிட்டால் இரவு வரை தாங்கும். காபியைச் செம்புக் கிண்டியில் தனியாகக் கொண்டுவந்து வைப்பார்கள். கலக்காமல் பொறுமையாக ஊற்றுங்கள், அடியில் வண்டல் இருக்கும்.

வரலாற்று அருங்காட்சியகத்தில் அன்றைக்கு எங்களைத் தவிர மூன்று பேர்தான். டிக்கெட் கொடுத்த பெண்மணியிடம், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள், எந்த மாதம் எத்தனை டன் வந்தது, யார் பக்கம் எவ்வளவு போனது, தலைக்கு எவ்வளவு விழுந்தது என்று எழுதுங்கள் என்று மகனை விட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போங்கள் என்றார். அரைப் பக்கத்துக்கு எழுதி, கீழே கணக்கையும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.